ஊசியை வாயில் வைக்காதவள்

துணியைத் திருப்பிப் போடுகிற நேரத்தில் ஊசியைத் துப்பட்டியின் தோள்பக்கத்தில் செருகிவிட்டு, ஷரீபா சேதியை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள். மற்ற பெண்கள் இந்த மாதிரி சமயத்தில் ஊசியை உதட்டில் கவ்விக்கொள்வார்கள். ஷரீபா அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. ஊசியைக் கவ்வினால் வாய் அடைபடும். வாய் அடைபட்டால், பெரம்பலூர் மதார் தையல் கடைக்கு எந்த வீட்டுக் கல்யாண ரவிக்கை வந்திருக்கிறது என்கிற விவரம் பாதியில் நின்றுபோகும். அவ்வளவு பெரிய நஷ்டத்தை இந்தப் பக்கத்து ஊர்கள் தாங்காது.

சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். வாரம் தவறாமல் பெரம்பலூருக்கு பஸ் ஏறி, மதார் வெட்டிக் கழித்த துண்டுத் துணிகளைக் கோணிப்பையில் அள்ளிக்கொள்வாள். பழைய சேலைகளை நாலு மடிப்பாக அடுக்கி, மேலே இந்தத் துண்டுகளைப் பரப்பி, ஓட்டுத்தையல் போட்டு இறுக்கினால் மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வை தயார். தனக்குப் போக மீதித் துண்டுகளைத் தன்னைப் போலவே போர்வை தைக்கிற பெண்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். சிறுவாச்சூர் கோயில் பக்கம் பூக்கட்டி விற்கிற செங்கமலம் அவர்களில் ஒருத்தி. உடையார்பாளையத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிற கொளஞ்சியம்மாள் இன்னொருத்தி. ஊருக்கு ஒருத்தியாகச் சிதறிக் கிடக்கிற இவர்களை ஒரு கூட்டமாகக் கட்டி வைத்திருப்பது நூல் அல்ல, ஷரீபாவின் நாக்கு.

ஒருத்தி கண்டுபிடித்த தையல் யோசனை அடுத்தவளிடம் போய்ச் சேருவதும் அவள் மூலமாகத்தான். என்ன, யோசனை தனியாக வராது.

"நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்கு வாடி செங்கமலம். ஓரத்துல ஆரம்பிச்சீன்னா நடுவுல பூரி மாதிரி உப்பிக்கும். இது கொளஞ்சியக்கா சொன்னது. ஆமா, அந்தக்கா மருமவ கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வூட்டுக்குப் போயிட்டா, தெரியுமா? செவப்புத் துண்டைத் தனியா ஊறப்போடு, சாயம் எறங்கும். கொழம்புல புளி சாஸ்தியாம், அதுக்குத்தான் சண்டையாம்."

இதைக் கேட்ட செங்கமலத்துக்கு, சிவப்புத் துணியைத் தண்ணீரில் போடும்போதெல்லாம் கொளஞ்சியம்மாள் வீட்டுப் புளிக்குழம்பு ஞாபகம் வருகிறது.

இவ்வளவு யோசனை சொல்கிறவளின் தையல் எப்படி இருக்கும் என்று கேட்கக்கூடாது. கேட்காவிட்டாலும் செங்கமலம் விடமாட்டாள், எடுத்துக் காட்டிவிடுவாள். சேதி சாதாரணமாகப் போகிற இடத்தில் தையல் நெல்மணி அளவுக்கு ஒழுங்காகப் போகும். சேதி சூடு பிடித்தால் தையலும் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். "அக்கா போர்வையைத் தடவிப் பாத்தாலே எந்த எடத்துல யாரு வூட்டுக் கதை பேசினாங்கன்னு சொல்லிப்புடலாம்" என்பாள் செங்கமலம். ஷரீபாவுக்குக் கோபம் வராது. நீளத் தையல் இருக்கிற இடத்தைத் தடவிப் பார்த்து, "ஆமா, இது பஞ்சாயத்து ஆபீஸ் சங்கதி" என்று ஒப்புக்கொள்வாள்.

துபாயில் இருக்கிற மகனுக்கு அம்மா கந்தல் பொறுக்கப் போவதில் சம்மதமில்லை. பொழுது போகட்டும் என்று ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கி அனுப்பினான். கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பச் சொல்லி ஒரு கேசட்டும் கூட வந்தது. அவள் இரண்டு பக்கமும் ஊர்ச் சேதி பேசி நிரப்பி, கடைசியில் மூச்சு வாங்க, "தம்பி, இடம் பத்தல. பெருசா இருந்தா ஒண்ணு அனுப்பு" என்று முடித்தாள். அதற்குப் பிறகு மகன் கந்தலைப் பற்றிப் பேசுவதில்லை.

பஸ்ஸிலும் இதே ராஜ்ஜியம்தான். கண்டக்டர் மாயவன் அவள் கோணிப்பைக்கு லக்கேஜ் போட்டதே இல்லை. முன்சீட்டில் இடம் பிடித்துக் கொடுத்து, "என்னக்கா, இன்னிக்கு என்ன சேதி?" என்று கேட்டு நிற்பான். கேட்டதை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்குகிறவர்களோடு சேர்த்து இறக்கிவிடுவான். ஷரீபா பெரம்பலூரில் சொன்னது அவளுக்கு முன்னால் அவள் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்த நாள்கூட உண்டு.

இப்படிப்பட்டவள் வாயைத்தான் போன தைமாதம் சுல்தானா பொத்தினாள்.

சுல்தானா பக்கத்துத் தெருப் பெண். புருஷன் கவுஸ் சவுதியில். லீவில் வந்துவிட்டுப் போயிருந்தான். கொல்லைப்புறக் கதவைத் தட்டாமல் நுழைவது ஷரீபாவின் பழக்கம். அன்றும் அப்படித்தான் நுழைந்தாள். அங்கே சுல்தானா கிணற்றடியில் உட்கார்ந்து, அடுப்புச் சாம்பலை விரலில் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள். மசக்கை என்று சொல்ல வேறு சாட்சி வேண்டுமா? ஷரீபா வாயைத் திறந்தாள். சத்தம் வெளியே வருவதற்குள் சாம்பல் கை வந்து வாயில் அழுந்தியது.

"வாயைப் பொத்தறேன்னு தப்பா நெனைக்காதீங்க மாமி. போன ரெண்டு தடவையும் ஊரே வந்து சந்தோசம் கேட்டுச்சு. அப்புறம் அதே ஊரு, அதே வாசல்ல வந்து துக்கம் கேட்டுச்சு. இந்தத் தடவை யாரும் வரவேணாம். ஏழு மாசம் தாண்டட்டும் மாமி. அதுவரைக்கும் எங்கம்மா, எங்க மாமியா, இப்ப நீங்க. அவ்வளவுதான்."

 அந்த இரண்டு துக்கத்துக்கும் முதலில் போய் உட்கார்ந்தவள் ஷரீபாதான். அதைத் தெருத்தெருவாகச் சொன்னவளும் அவள்தான். வாயில் சாம்பலோடு, "அல்லா மேல ஆணையா மூச்சு விடமாட்டேன்" என்றாள். அதோடு நின்றிருக்கலாம். "ஆனா புள்ளைக்குப் போர்வை நான்தான் தைப்பேன்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அங்கேதான் வந்தது வினை. பிறக்கிற பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. மதார் கடைத் துண்டுகள் எல்லாம் புதுசு, கஞ்சி விறைப்பு வேறு. பலகாலம் துவைத்து நைந்து பூவாகிப்போன பழைய துணி வேண்டும். அதுவும் தீர்க்காயுசாக இருப்பவர்கள் உடுத்தியதாக இருந்தால் விசேஷம். சொந்த ஊரில் கேட்டால் விஷயம் வெளியாகிவிடும் என்கிற அளவுக்கு ஷரீபாவுக்கு மூளை வேலை செய்தது. ஆகவே சிறுவாச்சூருக்குப் போனாள்.

"செங்கமலம், ஒங்க மாமனாரு பழைய வேட்டி ஒண்ணு இருந்தாக் குடு."

"எதுக்குக்கா?"

"அடுப்பு தொடைக்க."

"ஒங்க ஊரு அடுப்பு தொடைக்க எங்க மாமனாரு வேட்டிதான் வேணுமா?"

செங்கமலத்தின் மாமனாருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. இன்னும் பம்புசெட்டுக்கு நடந்து போய்க் குளிக்கிறார். ஷரீபா டீயைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு எழுந்தாள். டவுன் சேதி ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஒன்றைத் திறந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் வந்துவிடுமோ என்று பயம். பிறகு உடையார்பாளையம் போய்க் கொளஞ்சியம்மாளிடம் அவளுடைய தாயாரின் பழைய நூல் சேலை கேட்டாள். அங்கே சொன்ன காரணம், லாந்தர் கண்ணாடி துடைக்க. ஒரு கிழிசல் கிடைத்தது.

பொய் சொல்லிப் பழகாதவர்கள் ஒரே பொய்யை எல்லோரிடமும் சொல்லவேண்டும். ஷரீபாவுக்கு இது தெரியாது. இத்தனை வருஷமாக அவளுக்குப் பொய் தேவைப்பட்டதே இல்லை. உண்மையே போதுமானதாக இருந்தது. கொளஞ்சியம்மாள் ஒரு வெள்ளிக்கிழமை வேண்டுதலுக்குச் சிறுவாச்சூர் வந்தாள். பூ வாங்கப் போன இடத்தில் அடுப்பும் லாந்தரும் சந்தித்துக்கொண்டன.

பங்குனியில் ஷரீபா அந்தக் கிழிசலை வைத்துத் தைத்த வரைக்கும் பையில் சுருட்டிக்கொண்டு சிறுவாச்சூர் வந்தபோது, செங்கமலத்தோடு கொளஞ்சியம்மாளும் உட்கார்ந்திருந்தாள். செங்கமலம் கேட்காமலே பையிலிருந்து வெள்ளைத் துணியை உருவி, பெருவிரலால் தையலைத் தடவிக்கொண்டே போனாள். ஓரம் வரைக்கும் எல்லாம் நெல்மணி. நீளத் தையல் ஒன்றுகூட அகப்படவில்லை.

"இதைத் தைக்கையில அக்கா பேசவே இல்ல" என்றாள் கொளஞ்சியம்மாளைப் பார்த்து.

ஷரீபாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் ஒண்ணுமே சொல்லலியேடி! ஆணையாச் சொல்லலியே!"

"நீங்க எங்கக்கா சொன்னீங்க? டவுன் சேதி ஒண்ணும் சொல்லாம டீயக் குடிச்சிட்டு எந்திரிச்சீங்களே, அன்னிக்கே ஒங்களுக்கு ஒடம்புக்கு முடியலையோன்னு பயந்துட்டேன்."

"யாருக்குன்னு நாங்க கேக்கல" என்றாள் கொளஞ்சியம்மாள். "கேக்கவும் மாட்டோம். நீயும் சொல்லாத." மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். வெளுத்துப்போய் நிறமே மறந்துவிட்ட நூல் சேலை. "லாந்தருக்குன்னு அன்னிக்குக் கிழிசலைத்தான் குடுத்தேன். இது வேற. எங்கம்மா பெத்த புள்ளைங்க அத்தனை பேரையும் இதுலதான் சுத்துனாங்க. ஒண்ணுகூடத் தவறல. இதை நடுவுல வச்சுத் தை."

செங்கமலம் தன் பங்குக்கு வேட்டியை எடுத்து வைத்தாள். வெந்நீரில் அலசி, நிழலில் காயவைத்து மடித்திருந்தாள். "கெழவரு காலையிலேருந்து இதைத்தான் தேடறாரு. காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு சொல்லியிருக்கேன்" என்றாள்.

ஷரீபா சேலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் அழுதாள். வாக்கு தவறிவிட்டோமா, காப்பாற்றிவிட்டோமா என்று அவளுக்கே புரியவில்லை. ஆனால் இந்தச் சேலை நடுவில் இருந்தால் சுல்தானாவின் பிள்ளை தங்கிவிடும் என்று மனசு அடித்துச் சொன்னது. மற்ற இருவரும் அவள் அழுது முடிக்கிற வரைக்கும் மல்லிகையை எண்ணுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்கள்.

பெரம்பலூரில் ஊருக்கு பஸ் ஏறினாள். மாயவன் வழக்கம்போல முன்சீட்டைக் காலிசெய்து கொடுத்தான். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே பையை எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா இது, கலர் துண்டு ஒண்ணையும் காணோம்? எல்லாம் வெள்ளையா, பழசா இருக்கு?" குரலைத் தாழ்த்தி, கம்பியைப் பிடித்துக் குனிந்தான். "ஊர்ல யாருக்காவது விசேஷமா?"

பின்சீட்டுக்காரர்கள்கூடக் கழுத்தை நீட்டினார்கள். ஷரீபாவின் தொண்டையில் அந்தச் சேலையின் கதை முழுசாக வந்து நின்றது. கிழவர் வேட்டியைத் தேடியதும், காக்காயும், எல்லாமும். அவள் வாயைத் திறந்தாள். பிறகு தோளில் செருகியிருந்த ஊசியை உருவி, உதடுகளுக்கு நடுவே வைத்துக் கவ்விக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.