நான் திருத்திய துண்டறிக்கை

செகந்தராபாத்தில் ரயில் பட்டறைக்குப் பின்புறம், இருப்புப் பாதையை ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த தெரு ஒன்று இருந்தது. அதைத் தெரு என்று ஒருவரும் சொல்வதில்லை, 'லைன்' என்பார்கள். ஆர்க்காடு, சேலம், திருநெல்வேலி எனப் பல சீமைகளிலிருந்தும் பட்டறை வேலைக்கு வந்தவர்கள் அங்கே ஓட்டு வீடுகளில் குடியிருந்தார்கள். நகர சபைத் தேர்தலில் அந்த லைனுக்காக நின்ற ஒருவருக்கு நான் துண்டறிக்கை எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு பிழை செய்தேன். பிழையினும் பெரிதாக, அதன்பின் வேறொன்று செய்தேன். இரண்டையும் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து நான் அந்த ஊருக்கு வந்து மூன்று திங்களே ஆகியிருந்தன. மிஷன் பள்ளியில் தமிழாசிரியர் வேலை. பள்ளி வளவுக்குள்ளேயே எனக்கு ஓர் அறை. அறைக்கு எதிரே கிணறு. நன்னூலை மனப்பாடமாகக் கற்றவன் என்ற செருக்கு எனக்கு நிறைய உண்டு. அவ்வூர்த் தமிழ் என் செவிக்கு ஒவ்வவே இல்லை. வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்றும், ஆம் என்பதற்கு 'ஹவ்' என்றும் பிள்ளைகள் சொன்னால், அவர்களைப் பலகையின்மேல் நிற்க வைப்பேன். அவர்கள் வீடுகளில் என்ன பேசினார்கள், எதற்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று கேட்டறிய வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அங்கே தண்ணீர்க் குழாய்க்கு 'நல்லா' என்று பெயர். தெலுங்கரும் முசல்மான்களும் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே வேர்விட்ட தமிழர்களும் அப்படியே. இதை இன்று ஒரே வரியில் எழுதிவிடுகிறேன். அன்று எனக்கு இது தெரியாது.

தேர்தலுக்கு நின்றவர், பட்டறையில் கொதிகலன் பிரிவில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வட ஆர்க்காட்டுக்காரர். லைனின் முனையில் விறகுக் கடை வைத்திருந்தார். இரு முன்கைகளிலும் பழைய தீப்புண்களின் தழும்புகள் பளபளக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பள்ளிக்கு வந்து, நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்றார்.

"பண்டிதரே, நான் சொல்றேன், நீங்க சோக்கா எழுதிக் குடுங்க. நம்ம வாயில வர்றது கொச்சை. அத அப்டியே அச்சுல போட்டா நாலு பேரு சிரிப்பான்" என்றார்.

அந்தச் சொல் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். தாளை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"மொதல்ல நம்ம லைனுக்கு நல்லா வரணும். அதான் தல. நல்லா வந்துச்சின்னா பாதி கஷ்டம் தீந்துது. அப்பால கக்கூஸ் வண்டி தெனம் வரணும். அப்பால ரயில் கேட்டாண்ட ஒரு வெளக்கு. இந்த மூணுதான். நாலாவதா ஒண்ணு சொன்னா அது பொய்யாப் போயிடும்."

அவர் போன பிறகு எழுத உட்கார்ந்தேன். 'லைனுக்கு நல்லா வரணும்' என்ற தொடர் என்னை உறுத்தியது. லைன் நன்றாக வர வேண்டும் என்கிறார். அங்கே நான்காம் வேற்றுமை உருபுக்கு என்ன வேலை? எழுவாய் இருக்க வேண்டிய இடத்தில் படிக்காதவர் 'கு' என்று ஒட்டிவிட்டார் என்று முடிவு செய்து, அதைக் களைந்தேன். அவர் சொல்லில் பிழையே இல்லை. அந்த 'கு' ஒன்றுதான் எனக்கு உண்மையைக் காட்டியிருக்கக் கூடியது. அதைத் தேடிப் பிடித்து அகற்றினேன். 'நம் குடியிருப்பு எல்லா நலமும் பெற்றுச் சிறத்தல் வேண்டும்' என்று முதல் வரி அமைந்தது. கக்கூஸ் வண்டி 'துப்புரவு ஊர்தி' ஆயிற்று. கேட்டருகே வேண்டிய விளக்கு 'கடவைக்கண் ஓர் ஒளி' ஆயிற்று.

மறுநாள் அவருக்குப் படித்துக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா கோயில்ல பூசாரி சொல்றாப்போல கீது" என்றார். பிறகு, "நல்லா மேலதானே கீது?" என்று கேட்டார்.

"முதல் வரியே அதுதான்" என்றேன்.

அறிக்கை அச்சாகி வீடுதோறும் போயிற்று. இரண்டு நாளில் லைன் முழுதும் ஒரு பேச்சு பரவியது. மேஸ்திரியை எதிர்த்து நின்றவர் மாட்டு வண்டிகளில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் விற்கும் குத்தகைக்காரர். லைனுக்குக் குழாய் வந்தால் அவர் வண்டிகளுக்கு அங்கே வேலை இல்லை. மேஸ்திரி அவரோடு உள்ளுக்குள் பேசி முடித்துக்கொண்டார், அதனால்தான் அறிக்கையில் குழாயே இல்லை என்பது பேச்சு. இவையெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. நண்பகல் இடைவேளையில் மேஸ்திரி வேர்க்க வேர்க்க வந்து, அறிக்கையை என் மேசைமேல் விரித்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது.

"பண்டிதரே, இதுல நல்லா எங்க கீது? காட்டுங்க."

'நலமும்' என்ற சொல்லின்மேல் விரலை வைத்தேன்.

"இதுவா நல்லா? இதுலயா தண்ணி வரும்?"

"தண்ணீரா?"

"பின்ன? நல்லான்னா தண்ணி வர்ற நல்லா. பொம்பளைங்க கொடத்த தூக்கிகினு தண்டவாளத்த தாண்டிப் போறாங்களே, அதுக்குத்தானே நான் நிக்கிறதே."

அப்போதுதான் விளங்கிற்று. நகரத்தின் குழாய் இருப்புப் பாதைக்கு அப்பால் நின்றுவிட்டிருந்தது. லைனின் பெண்கள் நாளும் தண்டவாளங்களைக் கடந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். முந்தைய மழைக்காலத்தில் ஒருவர் நிறைகுடத்தோடு தண்டவாளத்தில் இடறிக் காலை முறித்துக்கொண்டிருந்தார். அவர் மகன் என் வகுப்பில் இருந்தான். அவனிடம் நான் கேட்டதெல்லாம் புணர்ச்சி விதிகள்.

தேர்தலுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அச்சகம் கூப்பிடு தூரம். 'தவறு என்னுடையது, வேறு அச்சிடுவோம்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் ஆசிரியர் அறைக்குள் வேறு மூன்று ஆசிரியர்கள் உட்கார்ந்து சோறு உண்டுகொண்டு இருந்தார்கள். மூவரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'நல்லா' என்றால் என்ன என்று தெரியாத தமிழ்ப் பண்டிதன் என்று அவர்கள் சிரிப்பார்கள் என்பது ஒன்றே என் மனத்தை நிறைத்தது.

"நலம் என்பதனுள் நீரும் அடங்கும். இலக்கணத்தில் இதற்கு இடமுண்டு" என்றேன்.

இலக்கணம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. "அப்டியா. அப்ப செரி. ஜனங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்று அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மாலை விறகுக் கடைக்கு முன்னால் லைன் மக்களைக் கூட்டினார். பண்டிதரும் வர வேண்டும் என்று எனக்கு ஆள் அனுப்பியிருந்தார். போகாமல் இருந்திருக்கலாம், போனேன். எனக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள். மேஸ்திரி நான் சொன்னதை அப்படியே சொன்னார்: நலத்துக்குள் நல்லாவும் அடக்கம், அது உயர்ந்த தமிழ், நமக்குத்தான் புரியவில்லை.

"மேஸ்திரி மாமா, வண்டிக்காரர் வூட்ல கை நனைச்சீங்களாமே, கொழம்பு எப்டி?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"நலத்துக்குள்ள தண்ணி கீதாம்டி. கொடத்த எடு, நலத்துல புடிச்சிகினு வரலாம்" என்றாள் ஒருத்தி.

கூட்டம் சிரித்தது. மேஸ்திரியும் சிரிக்க முயன்றார். அப்போது கால் முறிந்த அந்தப் பெண் ஒருபக்கம் சாய்ந்து நடந்து முன்னே வந்தார். திருநெல்வேலிப் பக்கத்தவர், ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். அறிக்கையை வீடுவீடாகப் படித்துச் சொன்னவரும் அவரே. அவர் மேஸ்திரியைப் பார்க்கவில்லை; என்னைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க படிச்சவுக. உங்களுக்குப் பொய் சொல்லணும்னு ஒண்ணுமில்ல. அண்ணாச்சி உங்ககிட்ட நல்லா வேணும்னு சொன்னாவளா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. மேஸ்திரி என் பக்கம் திரும்பி, இனிக் கவலை இல்லை என்பதுபோல் நிமிர்ந்து நின்றார்.

"அவர் சொன்னதைத்தான் எழுதினேன்" என்றேன்.

இந்த வாக்கியத்தை எத்தனையோ முறை பகுத்துப் பார்த்திருக்கிறேன். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் எல்லாம் செம்மையாக இருக்கின்றன. அதுபோல் ஓர் இழிந்த வாக்கியத்தை நான் வாழ்நாளில் வேறு அமைத்ததில்லை.

மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இதோ சொல்லப் போகிறார் என்று எண்ணினேன். அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"பண்டிதர் சொல்றது செரிதான். நான்தான் சொல்லாம வுட்டுட்டேன். வயசாயிடிச்சி, நெனப்பு இல்ல."

"நெனப்பு வண்டிக்காரர் வூட்ல கீது" என்று ஒரு குரல் எழுந்தது. அதன் பிறகு ஒருவரும் நிற்கவில்லை.

அவர் தோற்றார். சொந்த லைனிலேயே பலர் அவருக்கு வாக்களிக்கவில்லை. குத்தகைக்காரர் சபைக்குப் போனார். அவ்வாண்டு புதிதாகக் கிளைத்த குழாய், ஊரின் வேறொரு பகுதியான மாரெட்பள்ளிப் பக்கம் திரும்பியது.

ஒரு வாரம் கழித்து, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று விறகுக் கடைக்குப் போனேன். நான் வாய் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"வந்தீங்களா, நல்லதாப் போச்சு. சபைக்கு ஒரு மனு எழுதணும். நல்லாவுக்குத்தான். இந்த வாட்டி நான் சொல்றாப்போல எழுதுங்க."

எழுதினேன். அவர் சொன்ன சொற்களில் ஒன்றையும் மாற்றவில்லை. அவர் கையெழுத்துக்காக முதலிடத்தை விட்டு எழுதுகோலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எம் பேரு இருந்தா இங்க ஒருத்தனும் கையெழுத்துப் போட மாட்டான். நீங்க போடுங்க. உங்கள நம்புறாங்க."

அவர் குரலில் குத்தல் இருந்ததா என்று நானும் பலகாலம் ஆராய்ந்தாயிற்று. இல்லை. அவருக்கு வேண்டியது தண்ணீர். நான் முதலில் கையெழுத்திட்டேன். வீடு வீடாகப் போனேன். எல்லாரும் எனக்குக் கீழே கையெழுத்தோ கைந்நாட்டோ இட்டார்கள். சாய்ந்து நடக்கும் அந்தப் பெண் இட்டுவிட்டு, "ஐயா ஒருத்தராவது உண்மையா நிக்கீகளே" என்றார். அங்கும் நான் வாய் திறக்கவில்லை. மனு கெட்டுவிடக் கூடாதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யும் அன்று. அதனாலேயே அதில் ஒளிந்துகொள்வது எளிதாயிற்று.

மேலும் இரண்டு மனுக்களுக்குப் பிறகு குழாய் வந்தது. லைனின் நடுவில் கல் மேடை கட்டி நட்டார்கள். பெண்கள் அதற்கு 'வாத்தியார் நல்லா' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை என் காதுபடச் சொல்லும்போதெல்லாம், 'அது மேஸ்திரியின் நல்லா' என்று சொல்ல வாய் எடுப்பேன். 'ஏன்' என்று கேட்பார்களே என்று நிறுத்திவிடுவேன்.

அடுத்த தேர்தல் நெருங்கியபோது மேஸ்திரி மறுபடியும் பள்ளிக்கு வந்தார். இம்முறை நாற்காலியில் உட்கார்ந்தார், முழங்கால் வலி.

"லைன்ல எல்லாரும் உங்களத்தான் நிக்கச் சொல்றாங்க. நானும் அதான் சொல்றேன். வெளக்கு இன்னும் வரல, வண்டியும் ஒழுங்கில்ல. நீங்க சொன்னா ஜனம் கேக்கும்."

பள்ளி விதி இடங்கொடாது என்றேன். அப்படி ஒரு விதி இருந்ததா என்று நான் விசாரித்ததே இல்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார். நான் பதவியை விரும்பாத பெரிய மனிதன் என்று லைனில் சொல்லிக்கொண்டார்கள். அந்தத் தேர்தலில் லைன் சார்பில் ஒருவரும் நிற்கவில்லை.