குட்டையில் மூச்சு முட்டிய காலை

ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றதும் சுந்தரபாண்டியத்தில் எங்கள் வயலில் பண்ணைக்குட்டை வெட்டி மீன் வளர்த்தேன். போன ஐப்பசியில், மேகமூட்டம் கலையாத ஒரு விடியற்காலை, மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"எவனோ மருந்தைக் கலந்துட்டான்!" என்று கத்தினேன்.

ராஜபாளையத்தில் அறிவியல் ஆசிரியையாக இருக்கும் என் மனைவி பச்சைத் தண்ணீரை உற்றுப் பார்த்தாள்.

"மருந்தெல்லாம் இல்லங்க. வெயில் இருந்தாத்தான் பாசி சாப்பாடு தயாரிச்சு ஆக்சிஜன விடும். நாலஞ்சு நாளா வெயிலே இல்ல. பாசியும் உசுருதான? ராத்திரி மீனோட சேந்து அதுவும் மூச்சு விட்டு, இருந்த ஆக்சிஜனும் தீந்துபோச்சு. மோட்டாரப் போட்டு தண்ணிய மேல பீச்சியடிங்க."

கரண்ட் இல்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

அப்போது என் சத்தம் கேட்டு, பக்கத்து வயல்காரர் டிராக்டரில் தன் டீசல் எஞ்சினை இழுத்துக்கொண்டு வந்தார். வரப்புத் தகராறில் வெகுநாளாக என்னோடு பேசாதவர்.

"ஏலே, பாத்துக்கிட்டே நின்னா மீன் பொழைக்குமா? குழாயப் பிடி!"

தண்ணீர் மழைபோல் குட்டையில் கொட்டியது. சில மீன்கள் செத்தன. மற்றவை மெல்ல மெல்ல உள்ளே இறங்கின.

மதியம் வெயில் வந்தது. மூவரும் கரையில் உட்கார்ந்து டீ குடித்தோம். இப்போதெல்லாம் வெயில் கொளுத்தினால் நான் சலித்துக்கொள்வதில்லை. பாசிக்கு வேலை நடக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறேன்.