வைஸ் உட்காரும் இடம்

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் கம்ப்யூட்டர் சொல்படி மரமும் இரும்பும் குடையும் ஒரே ஒரு சின்ன சிஎன்சி மில்லிங் மெஷின். காலையில் அதில் கொழுந்தன் பெயர்ப்பலகை வெட்டுவான். மதியத்துக்கு மேல் அண்ணி கதவுக் கீல் செய்வாள். அவனுக்கு மெஷினின் மேஜை காலியாக இருக்க வேண்டும்; அவளுக்கு இரும்பைக் கவ்விப் பிடிக்க வைஸ் வேண்டும். கழற்றி மாட்டும்போதெல்லாம் வைஸ் கோணிக்கொள்ளும். மயிரிழைக் கோணலுக்கும் நகர்ந்து காட்டும் டயல் கேஜின் முள் அசையாமல் நிற்கும்வரை ரப்பர் சுத்தியால் தட்டித் தட்டி நேராக்குவாள். அதற்குள் பாதி மதியம் போய்விடும். தெருவில் அவளுக்கு டயலக்கா என்றே பெயர்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. திங்கட்கிழமைலேருந்து மெஷின் முழுசா எனக்கே இருக்கட்டும். கீல் வேலைய வெளிய குடுத்துடுங்க."

"வெளிய குடுத்துட்டு நான் ஈ ஓட்டவா? ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறு தம்பி. வைஸ் சொன்ன இடத்துல உக்காரும்."

மேஜைமேல் கெட்டித் தகடு ஒன்றை முடுக்கி, அதில் இரண்டு பின்களை நட்டாள். அவை நுழைய வைஸின் அடியில் இரண்டு ஓட்டைகள். துளியும் ஆட்டம் கூடாதென்று இரண்டையும் இறுக்கமாகவே போட்டாள். அங்கேதான் சறுக்கினாள். தட்டியதும் உள்ளே போன வைஸ், திரும்பி வரமாட்டேன் என்றது.

கொழுந்தன் கடப்பாரையோடு வந்தான். "என்ன அண்ணி, ரெண்டுக்கும் கல்யாணமே பண்ணி வச்சிட்டீங்களா?"

"வாய மூடிக்கிட்டு அந்தப் பக்கம் தூக்குடா."

நெம்பி எடுத்த வைஸைப் புரட்டிப் பார்த்தாள். இடத்தைப் பிடிக்க ஒரு பின் போதும். மற்றது வைஸ் திரும்பாமல் பார்த்துக்கொண்டால் சரி. அதுவும் எதற்கு இடத்துக்குச் சண்டை போட வேண்டும்? அரத்தை எடுத்தாள். இரண்டாவது ஓட்டையை, முதல் ஓட்டை இருக்கும் திசையில் மட்டும், மயிரிழை மயிரிழையாக நீளமாக்கினாள். உள்ளங்கை கொப்பளித்தது. விடவில்லை.

ஞாயிறன்று கொழுந்தனே வைஸைக் கழற்றினான். அலுங்காமல் வந்தது. அவள் திரும்ப வைத்து, போல்ட்டை முடுக்கி, டயலை ஓட்டினாள். முள் நகர்ந்தது.

"பாத்தீங்களா!" என்றான்.

அவள் போல்ட்டைக் கழற்றினாள். வைஸைத் தூக்கி அடிப்பக்கத்தை விரலால் தடவினாள். ஒரு சின்ன இரும்புச் சுருள் ஒட்டிக்கொண்டிருந்தது. துணியால் துடைத்து மறுபடி வைத்தாள். இந்த முறை முள் ஆணி அடித்தாற்போல் நின்றது.

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "அப்போ என் பலகைய வைக்கிற அடிக்கட்டையும் இதே பின்ல உக்கார ரெண்டு ஓட்டை போட்டுத் தருவீங்களா?"

"தர்றேன். ஒண்ணு இறுக்கமா, ஒண்ணு நீளமா. மதியம் நான் வரும்போது உன் பலகை மெஷின்ல இருக்கக்கூடாது."