கடைசியாக வந்த லாரி முதலில் போனது

லாரி எண்களை மைக்கில் கூப்பிடும் சுடலைக்கண்ணனை டோக்கன் அறையின் ஜன்னல் வழியாக வெளியே இழுத்தபோது அவர் கையில் மைக் அப்படியே இருந்தது. அவர் அலறியது கன்டெய்னர் யார்டு முழுவதும் ஸ்பீக்கரில் கேட்டது. காசு வாங்கிக்கொண்டு பிந்தி வந்த லாரிகளை முந்தி அனுப்புகிறார் என்று நம்பித்தான் டிரைவர்கள் அவரை இழுத்தார்கள். லாரிகளை வரிசைப்படுத்தியது அவர் இல்லை, ஒரு கணினி நிரல் என்பது அந்த இடத்தில் அவரைத் தவிர இன்னும் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவர்களில் ஒருத்தி, அவருக்குப் பின்னால் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்த அனுஜா பர்னாந்து. நிரலின் உள்ளே கிடந்த பகுதியை எழுதியவள் அவள்தான்.

அனுஜா தெரேஸ்புரத்தில் பிறந்து வளர்ந்தவள். தண்ணீர் லாரி வரும் நாட்களில் தெருவில் ரத்தம் பார்த்திருக்கிறாள். யார் குடம் முதலில் வைத்தது என்ற தகராறில் அவள் அம்மா ஞானசௌந்தரி ஒருத்தியின் முன்பல்லைக் குடத்தால் உடைத்தாள். அந்த ஒருத்தியின் அண்ணன் வந்து அம்மாவின் விரலை ஒடித்துவிட்டுப் போனான். அனுஜாவும் சாது இல்லை. கட்டிக்கொண்டவன் குடித்துவிட்டு வந்து முகத்தில் குத்தியபோது, கைக்கு அகப்பட்ட இட்லிக் கொப்பரை மூடியால் அவன் தலையைப் பிளந்துவிட்டு அன்றைக்கே வீட்டைவிட்டு வந்தவள்.

பாளையங்கோட்டை சாலையில் ஒரு மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் அவளுக்கு வேலை. துறைமுகத்தைச் சுற்றியுள்ள தனியார் கன்டெய்னர் யார்டுகளுக்கு அவர்கள் நிரல் எழுதிக் கொடுத்தார்கள். கேட்டில் எந்த லாரியை முதலில் உள்ளே விடுவது, கிரேன் எந்தப் பெட்டியை முதலில் தூக்குவது, காலிப் பெட்டிகளில் எதை முதலில் சோதிப்பது என்று எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துப்போய், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு ஹீப் எழுதினாள் அனுஜா. ஹீப் என்றால் குவியல். எதை எத்தனை போட்டாலும், எல்லாவற்றையும் முந்த வேண்டியது எதுவோ அது உச்சியில் வந்து நிற்கும். மற்றவை கீழே முழு ஒழுங்கில்லாமல் கிடக்கும், ஆனால் எதுவும் தனக்கு மேலிருப்பதை மீறாது. அந்தக் குவியலுக்கு அவள் வைத்தது நாலே வாசல்: உள்ளே போடலாம், உச்சியைப் பார்க்கலாம், உச்சியை எடுக்கலாம், காலியா என்று கேட்கலாம். இரண்டில் எது முந்தியது என்ற விதியை மட்டும், குவியலைப் பயன்படுத்துகிறவர் கொண்டுவர வேண்டும். இவ்வளவு சிறிதாக முடிந்ததில் அவளுக்குப் பெருமை.

கேட்டுக்கான நிரலை எழுதியவன் சிவப்பிரகாஷ், அவளோடு வேலை பார்ப்பவன். இறால் ஏற்றிய குளிர்பதனப் பெட்டிகள் முதலில், பிறகு சாதாரண ஏற்றுமதிச் சரக்கு, கடைசியில் காலிப் பெட்டிகள் என்று அவன் விதி கொடுத்தான். ஒருநாள் அவளிடம் வந்து கேட்டான்.

“ரெண்டு லாரியும் ஒரே வகைன்னா, முந்தி வந்தவன் முந்திப் போணும்லா. அதை உன் ஹீப்பே பாத்துக்கிடாதா?”

“லாரின்னா என்னன்னே அதுக்குத் தெரியாது. முந்தி வந்தவன்ங்கதும் ஒரு விதிதான். அதை நீதான் எழுதணும்.”

கிரேனுக்கும் சோதனைக்கும் அந்தக் கவலையே இல்லை, எல்லோருக்கும் பொதுவான ஒன்றில் லாரிக்காரனின் நியாயத்தை எதற்கு அடைக்க வேண்டும் என்பது அவள் வாதம். சிவப்பிரகாஷ் சரி என்று போனான். போனவன் எழுதவில்லை. ஹீப் வந்த வரிசையில்தான் எடுக்கும் என்று அவள் சொன்னதாக அவனுக்கு நினைவு.

பல மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒரே வகை லாரிகள் கூட்டமாகக் காத்திருக்கும் நிலை வந்தால்தானே. பிறகு ஒரு வைகாசியில் காற்று பலமாகி, கப்பல் கரைசேரத் தாமதமானது. யார்டு சரக்கு வாங்குவதை நிறுத்தியது. கப்பல் வந்த அன்று கேட் திறந்தபோது டிரெய்லர்கள் பைபாஸ் வரைக்கும் நின்றன. எல்லாம் சாதாரண ஏற்றுமதிச் சரக்கு.

முதல் லாரி ஒழுங்காகத்தான் உள்ளே போனது. அதன் பிறகு, அப்போதுதான் வந்து பதிவு செய்த லாரியின் எண்ணைத் திரை காட்டியது. சுடலைக்கண்ணன் அதை மைக்கில் வாசித்தார். அடுத்ததும் புதிதாக வந்ததுதான். விடியுமுன் வந்தவர்கள் வெயிலில் நிற்க, வெயில் ஏறி வந்தவர்கள் அவர்களைத் தாண்டி உள்ளே போனார்கள். சுடலைக்கண்ணனுக்கும் பயம் பிடித்துக் கம்பெனிக்குப் போன் செய்தார். அனுஜாவும் சிவப்பிரகாஷும் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது கேட்டில் ஏற்கெனவே அடிதடி தொடங்கியிருந்தது.

ஓட்டப்பிடாரத்து சத்தியராஜ் கரூரிலிருந்து படுக்கை விரிப்பு ஏற்றி வந்தவன். தன்னைத் தாண்டி ஐந்தாறு வண்டிகள் போனதைப் பார்த்தபடி நின்றிருந்தான். அடுத்து பர்னபாஸ் என்ற டிரைவரின் எண் கூப்பிடப்பட்டது. அவன் வண்டியை எடுத்ததும் சத்தியராஜ் குறுக்கே பாய்ந்து ஏறி, சட்டையைப் பிடித்துக் கேபினிலிருந்து கீழே இழுத்துப் போட்டான். தார்ச்சாலையில் விழுந்தவனை நாலைந்து பேர் மிதித்தார்கள். எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டுக் கேட்டு மிதித்தார்கள். பர்னபாஸ் வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல் வந்தது. கூட்டம் அங்கிருந்து டோக்கன் அறைக்குத் திரும்பியது.

சிவப்பிரகாஷ் சுவரேறி யார்டுக்குள் குதித்தான். அனுஜா அறைக்குள் நுழைந்து கதவைத் தாழிட்டாள். கல் வந்து கண்ணாடியை உடைத்தது. உடைந்த சில்லுகளுக்கு நடுவே கைகள் உள்ளே வந்து சுடலைக்கண்ணனின் கழுத்தைப் பற்றின. அவள் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து உள்ளே இழுத்தாள். முடியவில்லை. சட்டை கிழிந்து அவள் கையில் தங்கியது.

தாழை நீக்கி வெளியே ஓடினாள். சத்தியராஜ் இரும்பு ஜாக்கி லீவரை ஓங்கியிருந்தான்.

“அவர விடுங்க. கூப்பிடுதது மெஷின். அதை எழுதுனவ நான்.”

யாருக்கும் அது காதில் ஏறவில்லை. லீவர் சுடலைக்கண்ணன் முகத்தில் இறங்கியது. இரண்டாவது அடிக்கு அவள் குறுக்கே கையை நீட்டினாள். மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தத்தை அவளே கேட்டாள். அதன் பிறகு போலீஸ் வந்தது. அடித்தவர்களையும் அடிபட்டவர்களையும் சேர்த்தே அவர்கள் லத்தியால் அடித்தார்கள்.

அரசு மருத்துவமனையில் அவளுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். சுடலைக்கண்ணனின் இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். யார்டு நிர்வாகம் அவர் லஞ்சம் வாங்கியதுதான் கலவரத்துக்குக் காரணம் என்று சொல்லி வேலையை விட்டு நீக்கியது.

அனுஜா மடிக்கணினியை வரவழைத்து ஒற்றைக் கையால் தட்டிப் பார்த்தாள். ஒரே தகுதியுள்ள பத்து எண்களை ஹீப்பில் போட்டு எடுத்தாள். முதலில் ஒன்றாம் எண் வந்தது. அடுத்து பத்து, ஒன்பது, எட்டு. உச்சி காலியானதும் கடைசியில் கிடப்பதைத் தூக்கி உச்சியில் வைத்து, அதைவிட முந்தியது கீழே இருந்தால்தான் இறக்குவது ஹீப்பின் வழக்கம். எல்லாம் சமம் என்றால் இறக்க ஒன்றுமில்லை. கடைசியாக வந்தது உச்சியிலேயே நின்றுவிடும். பாடமாகப் படித்ததுதான். அதைப் பைபாஸில் நிற்கும் லாரிகளாக அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

கம்பெனி முதலாளி வாயைத் திறக்காதே என்றார். அடித்தது டிரைவர்கள், நாம் இல்லை என்றார். அவள் கேட்காமல், அதே மருத்துவமனையில் கண் வார்டுக்கு நடந்து போனாள். சுடலைக்கண்ணனின் மனைவி வடிவம்மாள் கட்டில் ஓரத்தில் இருந்தாள். அனுஜா அவளிடம் நடந்ததைச் சொல்லி முடித்தாள். வடிவம்மாள் எழுந்து அனுஜாவின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். மறுபடியும் மோதினாள். அனுஜாவுக்கு நல்ல கை ஒன்று இருந்தது. அதை அவள் தூக்கவில்லை. நர்ஸ் வந்து விலக்கினாள்.

“ஏளா, இங்கன வந்து எங்கிட்ட எதுக்குச் சொல்லுத,” என்றாள் வடிவம்மாள், மூச்சு வாங்க. “ஊரே அவரத் திருடன்னு சொல்லுது. அங்கன போயிச் சொல்லு. அந்த மைக்குல சொல்லு.”

கட்டுப்போட்ட கையோடு யார்டு கேட்டுக்குப் போனாள். அவளைத் தடுக்க வந்த மேலாளரைத் தள்ளிவிட்டு மைக்கை எடுத்தாள். சுடலைக்கண்ணன் யாரிடமும் காசு வாங்கவில்லை, பர்னபாஸ் யாருக்கும் கொடுக்கவில்லை, தவறு நிரலில் இருந்தது என்று சொன்னாள். டிரைவர்களில் ஒருவன் அவள் காலடியில் துப்பினான். ஒரு பாட்டில் வந்து தோளில் பட்டது. அவள் இன்னொரு முறை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் மைக்கை வைத்தாள். சுடலைக்கண்ணனுக்கு மறுபடி வேலை கிடைத்தது, கேட்டில் இல்லை, உள்ளே கிடங்கில்.

ஹீப்பை அவள் திரும்ப எழுதினாள். உள்ளே வரும் ஒவ்வொன்றுக்கும் வந்த வரிசை எண்ணை ஹீப்பே குத்திவிடும். தகுதி சமமானால் முந்தி வந்ததுதான் முந்தி. பயன்படுத்துகிறவர் வேண்டாம் என்று சொல்ல அதில் வழியே வைக்கவில்லை. கிரேனுக்கு அது தேவையில்லாத சுமை என்றான் சிவப்பிரகாஷ். சுமக்கட்டும் என்றாள். சுவரேறிக் குதித்ததிலிருந்து அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

வழக்கு வந்தபோது அவள்தான் முக்கியச் சாட்சி. நீதிமன்ற வராந்தாவில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே சத்தியராஜ் நின்றிருந்தான். இளைத்திருந்தான்.

“யக்கா, நான் விடியுமுன்ன வந்து நின்னவன்,” என்றான்.

“தெரியும். ஒன் முறைதான் அது. அவர அடிச்சதும் நீதான். ரெண்டையும் சொல்லுவேன்.”

கூண்டில் ஏறி இரண்டையும் சொன்னாள். ஹீப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுமாறு நீதிபதி கடிந்தார். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவன் முறை வந்தும் அவனை யாரும் கூப்பிடவில்லை என்பதை மட்டும் பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டாள். அவர் எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை. சத்தியராஜுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

அவள் வெளியே வந்தபோது அவன் தம்பி அவளுடைய ஸ்கூட்டரைக் கீழே தள்ளி, விளக்கைக் கல்லால் நொறுக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கல்லைக் கையிலேயே பிடித்தபடி நின்றான். அவளும் நின்றாள். அவன் கல்லைப் போட்டுவிட்டு நடந்தான். வளையாத மணிக்கட்டோடு ஸ்கூட்டரை நிமிர்த்த வெகு நேரம் ஆனது. அவள் புகார் எதுவும் கொடுக்கவில்லை.