தனம் வீட்டில் தொங்கும் மதகுக் கைப்பிடி

1. கோட்டைத் தொட்டால்

கோலார் தங்கச் சுரங்கத்தில் என் வேலை பம்பு ஓட்டுவது. தங்கத்தை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் தண்ணீர்தான். முதல் ஷிப்டில் கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் இறங்கி பம்பு அறைக்குப் போனதும் ஃபோர்மேன் ஒரு தொட்டியைக் காட்டினார். பாறையில் கசியும் நீரெல்லாம் அதில் வந்து சேரும். சுவரில் ஒரு சிவப்புக் கோடு.

"தோ பாரு, தண்ணி இந்தக் கோட்டத் தொட்டா யாரையும் கேக்காத. பம்ப போட்டு வெளிய தள்ளு. கேட்டுனு நின்னா கீழ கீறவன் கதி இன்னா ஆவறது?"

சுரங்கம் மூடும்வரை அதையே செய்தேன். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் எங்கள் கோரமண்டல் பேட்டையின் காற்று முகத்தில் அடிக்கும். ஈர பூட்ஸைக் கழற்றாமலே டீ குடிப்போம். எங்களால் நாலு பேர் உயிரோடு வீடு போகிறார்கள் என்று ஒரு திமிர்கூட இருந்தது.

2. மதகு

பிறகு மாரிகுப்பம் பக்கத்தில் ஒரு சின்ன ஏரிக்கு வாட்டர்மேன் ஆனேன். ஏரியை ஒட்டி ஒரு கிணறு. ஏரி நிறைந்தால் கிணறு ஊறும். கிணற்று நீர்தான் மோட்டார் வழியாக சுரங்கத் தொழிலாளிகளான எங்கள் லைன் வீடுகளுக்கு வரும்.

இரண்டாம் வருஷம் நல்ல மழை. மத்தியானம் கரைக்குப் போய்ப் பார்த்தால், மதகுத் தூணில் இருந்த சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டுவிட்டது. ஏரி நிறைந்ததற்கு அடையாளமாகப் போட்ட கோடு அது. அதற்கு மேல் வருவது தானாகக் கலங்கல் என்கிற உபரிநீர் வழியே போய்விடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கைக்குத் தெரியவில்லை. யாரையும் கேட்காமல் கைப்பிடியைச் சுழற்றி மதகைத் திறந்துவிட்டேன். பெரிய ஆபத்தைத் தடுத்தவன் மாதிரி பீடி வேறு பற்றவைத்தேன்.

மூடப் போனால் பலகைக்கு அடியில் ஒரு கட்டை சிக்கிக்கொண்டது. அதை எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் ஏரியில் கால்வாசிதான் மிச்சம். அந்த வருஷம் அதற்கப்புறம் மழையே இல்லை. மதகுப் பலகை உளுத்துப்போச்சு என்று எல்லோரிடமும் புளுகினேன்.

3. டேங்கர்

மாசி மாதமே குழாய் நின்றது. டேங்கர் வர ஆரம்பித்தது. அது வரும் நேரமும் பெங்களூர் ரயில் கிளம்பும் நேரமும் ஒன்று. பக்கத்து வீட்டுத் தனம் அந்த ரயிலில்தான் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போவாள். புருஷன் இல்லை, படுத்த படுக்கையாக மாமியார். தண்ணீர் பிடித்தால் ரயில் போய்விடும், ரயிலைப் பிடித்தால் கிழவிக்குத் தண்ணீர் இல்லை. பங்குனி முடிவதற்குள் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

என்னால் தாங்க முடியவில்லை. டேங்கர் வரிசையில், எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

"பலக உளுத்துலாம் போவலம்மா. நான்தான் தொறந்தேன். கோட்டப் பார்த்ததும் சுரங்க நெனப்புல கை போய்டுச்சி."

தனம் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அடப்பாவி அண்ணா. ஊரு தண்ணிய தொறக்கறதுக்கு முன்ன ஊருல ஒர்த்திய கேட்டா இன்னா?"

அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

4. இப்போது

அந்தக் கோடையிலேயே லைன் ஜனங்கள் சேர்ந்து ஏரிக்கு வரும் கால்வாயைத் தூர் வாரினோம். பல வருஷமாக ஆகாயத்தாமரையும் குப்பையும் அடைத்துக் கிடந்தது. கோலாரில் இருக்கும் பாசன ஆபீசுக்கு நடையாய் நடந்து கலங்கலை இன்னும் பலப்படுத்த வைத்தோம். தனத்துக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைக்க ஒன்றரை வருஷம் ஆனது. அது என் கணக்கில்தான் இருக்கிறது.

மதகுக் கைப்பிடியை நானே கழற்றி அவள் வீட்டு ஆணியில் மாட்டினேன். எங்கிருந்தோ தண்ணீர் வரும் என்று ஊர்கள் காத்திருக்கின்றன. பெய்ததை யார் காவல் காப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது அவ்வளவுதான்.

நான் ரிடையர் ஆவதற்கு முந்தின மழையில் தண்ணீர் மறுபடியும் கோட்டைத் தொட்டது. கை துறுதுறுத்தது. நனைந்துகொண்டே போய்த் தனத்தின் கதவைத் தட்டினேன்.

"கோட்டத் தொட்டுச்சிம்மா."

"கர ஒடையுமா அண்ணா?"

"ஒடையாது. கலங்கல்ல போவுது."

"அப்போ இருக்கட்டும். உள்ள வாங்க, டீ போடறேன்."