குடியிருப்பு என எழுதப்பட்ட தெரு

இக்குறிப்பை எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஒரு நிலப்படம். திட்ட அலுவலகத்தின் சுவரில் மாட்டப்பட்டுள்ள அப்படத்தில், நான் வாழும் தெரு முழுவதும் மஞ்சள் பூசப்பட்டிருக்கிறது. மஞ்சள் என்றால் குடியிருப்பு. அளவீடு நடந்த நாளில் அத்தெருவில் கடையோ பட்டறையோ சமையற்கூடமோ இல்லை என்று பொருள். அந்தப் பதிவு பொய். ஆனால் பதிந்தவர் பொய்யர் அல்லர். இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை எங்கள் தெருவில் அனைவரும் அறிவர்; எழுத்தில் வைக்க அஞ்சுவர். எனக்கு அங்கே தொழில் ஏதுமில்லை, இழப்பதற்கும் ஏதுமில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், மயிலாப்பூரில் வாடகை கட்டுப்படியாகாமல், நானும் என் மனைவியும் தரமணிக்குத் தெற்கே ஒரு சிறு வீட்டிற்குக் குடிபெயர்ந்தோம். அப்போது அவ்விடம் ஊராட்சியாக இருந்தது. முன்னறையில் தொழில், பின்னறையில் வாழ்க்கை என்பதே தெருவின் அமைப்பு. எங்கள் எதிர்வீட்டில் ஓர் அம்மையார் தையற்கடை வைத்திருந்தார். அவருக்கு அடுத்து மாவு அரைக்கும் பொறி. தெருவின் கடைசி மனையில், தகரக் கொட்டகையோடு கூடிய வீட்டில், உருது பேசும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் விருந்துகளுக்குப் பிரியாணி ஆக்கினார். தெருவே அவரைப் பாய் என்றழைத்தது. நானும் அவ்வாறே அழைத்தேன். அடையாற்று வீட்டு விழாக்களுக்கும் வடபழனித் திருமணங்களுக்கும் அவருடைய அண்டாக்கள் சென்றன. அந்த வீடும் கொட்டகையும் அன்றி அவருக்கு வேறு இடம் கிடையாது. விறகடுப்பைத் தவிர வேறெதிலும் அவர் ஆக்குவதும் கிடையாது.

நான் புலால் உண்பவன் அல்லன். எனினும் வெங்காயம் சிவக்கும் மணம் வந்தால் இன்று எங்கோ திருமணம் என்றும், புதினா மணம் தொடர்ந்தால் இன்னும் சற்று நேரத்தில் வண்டி வரும் என்றும் சன்னலோரம் அமர்ந்தபடியே அறிவேன்.

பின்னர் எங்கள் ஊராட்சி மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. தெருவிளக்கு வந்தது, குப்பை வண்டி வந்தது. அவற்றின் பின்னே ஆட்களும் வந்தனர். ஒருவர் பெயர்ப்பலகைக்கு வரி கேட்டார். இன்னொருவர் தொழில் உரிமம் எங்கே என்றார். ஊராட்சி நாளில் அப்படியொன்றைக் கேட்டவருமில்லை, கொடுத்தவருமில்லை. வந்தவர்கள் குரலை உயர்த்தினர், பிறகு தாழ்த்தினர், எதையேனும் பெற்றுச் சென்றனர். தெரு விரைவில் ஒரு வழக்கத்தைக் கற்றுக்கொண்டது. பெருஞ்சாலை முனையில் தேநீர்க் கடை வைத்திருப்பவர் அலுவலக வண்டியைக் கண்டவுடன் கைபேசியில் அழைத்து, “மாப்ள வூட்டுக்காரங்க வராங்க” என்பார். அவ்வளவுதான். பலகைகள் கழற்றப்படும். தையற்பொறிகளின்மேல் போர்வை விழும். கடை இருந்த இடத்தில் ஒரு வீடு இருக்கும். வாசலில் துணி காயும்.

“பொண்ணு பாக்க வர்றவனுக்கு வூட்ட காட்னா போதும் சார், பொட்டிய காட்டக்கூடாது” என்று தையற்கடை அம்மையார் என்னிடம் விளக்கினார்.

ஒருநாள் மயிலாப்பூரில் ஒரு நண்பரைக் கண்டுவிட்டு நண்பகலில் திரும்பினேன். பேருந்திலிருந்து இறங்கித் தெருவில் நுழைந்ததும் கால்கள் தயங்கின. மாவுப் பொறியின் இரைச்சல் இல்லை. ஒரு பலகையும் கண்ணில் படவில்லை. தெரு நெடுகச் சாம்பிராணிப் புகை மட்டும் தரையோடு தவழ்ந்துகொண்டிருந்தது. இறப்பு நிகழ்ந்துவிட்டதென்றே எண்ணினேன்.

“யாரம்மா தவறிவிட்டார்?” என்று தையற்கடை அம்மையாரிடம் கேட்டேன்.

“அட போ சார், நீ ஒண்ணு! ஒருத்தரும் சாவல. மாப்ள வூட்டுக்காரங்க வந்துகினு கீறாங்க. பாய் வூட்டுல வாசனைய அமுக்கத்தான் சாம்பிராணி. வாய மூடிக்கினு உள்ள போ.”

பாயின் வாசலில் நாற்காலியிட்டு ஓர் இளைஞர் அமர்ந்திருந்தார். கையில் கைக்கணினி. பாய் கொடுத்த தேநீரை அருந்தியபடி, சொல்வதையெல்லாம் பதிந்துகொண்டிருந்தார். அண்டாக்கள் உள்ளே கட்டிலுக்கு அடியில் இருந்தன. அவற்றை மறைத்துப் படுக்கை விரிப்பு தரைவரை தொங்கியது. விறகுக் குவியலைத் தார்ப்பாய் மூடியிருந்தது. இளைஞர் எதையும் தேடவில்லை. குனிந்து பார்க்கவில்லை. குரலை உயர்த்தவுமில்லை. பாயை வாசலில் நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்தார், கையொப்பம் பெற்றார். தெருவைக் கடக்கையில் என்னைக் கண்டு வணங்கி, “ரொம்ப அமைதியான தெரு சார், குடுத்து வச்சவங்க நீங்க” என்றார்.

அன்று மாலை தெருவில் ஒரே மகிழ்ச்சி. “காசு கூட கேக்கல சார். தங்கமான புள்ள!” என்றார் அம்மையார். நான் மட்டும் அம்மகிழ்ச்சியில் சேரவில்லை. எதுவும் கேளாமற் செல்லும் அலுவலரை எங்கள் தெரு அதுவரை கண்டதில்லை.

அவர் வரி கேட்க வந்தவர் அல்லர் என்பது பின்னரே தெரிந்தது. புதிதாக இணைந்த நிலங்களில் எங்கே என்ன தொழில் நடக்கிறது என்று பார்த்து, அதன்படி எங்கே கடைக்கு இடமளிக்கலாம், எங்கே கூடாது என முடிவு செய்வதற்கான அளவீடு அது. பலகையை மாட்டி வைத்திருந்தால் தெருவுக்கு நன்மை விளைந்திருக்கும். பக்கத்துத் தெருவில் எச்சரிக்க எவருமில்லாததால் கடைகள் திறந்தே இருந்தன. படத்தில் அத்தெரு கலப்புப் பயன்பாடு என்று வேறு நிறம் பெற்றது.

எங்கள் மஞ்சளைத் தொடக்கத்தில் எவரும் பொருட்படுத்தவில்லை. “மங்களகரமாத்தான கீது, வூட்டு வரி கம்மி தான?” என்று நகைத்தனர். அந்நகைப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. பாயின் மனைக்குப் பின்னிருந்த வெற்றிடத்தில் அடுக்ககம் ஒன்று எழுந்தது. அதன் பலகணிகள் கொட்டகையின் கூரையை மேலிருந்து நோக்கின. குடிவந்தோர் புகையைக் குறித்து முறையிட்டனர். அதைக் குற்றமென்று நான் சொல்லேன். வந்த அறிவிப்பு சுருக்கமாக இருந்தது: குடியிருப்புப் பகுதியில் வணிகச் சமையல் நடைபெறுகிறது, நிறுத்தாவிடில் இடம் பூட்டி முத்திரையிடப்படும்.

பாய் என் வீட்டிற்கு வந்தார். “ஐயா, நீங்க கூட வாங்க. நான் பேசினா கோவம் வந்துடும்” என்றார். சென்றோம்.

திட்ட அலுவலகத்தில் இருந்த அலுவலர் கண்ணியமானவர். எங்களை அமரச் செய்து விதியை விளக்கினார். நிலப்படம் வருமுன்னரே நடந்துவந்த தொழில் என்று மெய்ப்பித்தால் தொடர இசைவளிக்கலாமாம். பாயின் முகம் மலர்ந்தது. அலுவலர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

“பாய், இது நீங்கதானே?”

திரையில் பாய் தேநீர்க் குவளையோடு சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் கொடியில் துணிகள்.

“நான்தான் சார்.”

“கீழ கையெழுத்து?”

“என்னுதுதான்.”

“குடியிருப்பு மட்டும்னு போட்டிருக்கு. சமையல் எங்க இருக்கு இதுல?”

“கட்டிலுக்கு அடியில சார்.”

அலுவலர் சிரித்துவிட்டார், பாயும் சிரித்தார். பிறகு அலுவலர் சிரிப்பதை நிறுத்தினார். “கட்டிலுக்கு அடியில இருக்கறத நான் எப்படி பாய் நம்புறது? அடுக்ககத்துக்காரங்க நேத்து ஆரம்பிச்ச கடைன்னு சொல்றாங்க.”

நான் குறுக்கிட்டு, அவ்வடுப்பை நெடுங்காலமாக அறிவேன் என்றேன்.

“அங்க வாங்கிச் சாப்பிட்டிருக்கீங்களா ஐயா?”

“நான் புலால் உண்பதில்லை. ஆனால் அதன் மணத்தை அறிவேன்.”

“சாப்பிடாதவர் சாட்சின்னு எழுதிக்கட்டுமா?” என்றார், ஏளனமின்றி. “தெருவுல தொழில் பண்றவங்க நாலு பேர் வந்து, அன்னிக்கு எல்லாத்தையும் மூடி வச்சோம், உள்ள தொழில் நடந்துச்சுன்னு எழுதிக் குடுக்கட்டும். பாக்கலாம்.”

அந்தச் சொற்களின் கனம் வெளியே வந்த பிறகே எனக்கு விளங்கிற்று. பாய்க்காக அவ்வாறு எழுதுவோர் தம் பெயரிலும் எழுதியவராவர். தம் கடையும் மஞ்சளுக்குள் நடக்கிறதென்று தாமே அலுவலகத்தில் அறிவித்தவராவர்.

பாய் முதலில் சென்றது தையற்கடைக்குத்தான். நான் வாசலில் நின்றேன்.

“நீ சொன்னா போதும்மா. உன் ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கும் நான்தான ஆக்கினேன்?”

“இல்லன்னா சொன்னேன் பாய்? ருசி இன்னும் நாக்குல கீது. ஆனா நான் அங்க கையெழுத்துப் போட்டா நாளைக்கு என் மிஷினுக்கும் பூட்டு வரும். என் வூட்டுக்காரரு படுத்த படுக்கையா கீறாரு. நீயே சொல்லு பாய், நான் இன்னா பண்ணட்டும்?”

அம்மையார் முந்தானையால் கண்களைத் துடைத்தார். “அழாதம்மா, உள்ள போ” என்றார் பாய். மாவுப் பொறிக்காரர் எங்களைத் தொலைவில் கண்டதுமே கதவைப் பாதி இறக்கினார். அலுவலக வண்டிக்குக் கற்ற வழக்கம் இப்போது பாய்க்கும் பயன்பட்டது. பாய் மூன்றாம் வீட்டிற்குச் செல்லவில்லை.

அடுத்த விசாரணை நெருங்குகிறது. பாய் புதிய திருமணம் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. சில காலைகளில் அடுக்ககத்தின் பலகணியில் ஒருவர் கைபேசியைக் கொட்டகையை நோக்கி நீட்டியபடி நிற்கிறார். தெருவிலோ எவரும் உரத்துப் பேசுவதில்லை. அடுத்த அறிவிப்பு யார் வீட்டிற்கு என்பதை ஒவ்வொருவரும் எண்ணுகின்றனர், எவரும் கேட்பதில்லை.

இவ்வெழுத்தைப் பலர் பார்வைக்கும் வைத்தபின் அவ்வலுவலரிடம் கொடுக்கவிருக்கிறேன். இதில் ஒரு செய்தி பிழையானாலும் எஞ்சியவற்றையும் அவர் தள்ளிவிடலாம். அக்கொட்டகையில் முதல் அடுப்பு மூட்டியது, எங்கள் பகுதிக் குளத்தைத் தூர்ப்பதற்கு முன் என்கிறார் பாய். பின் என்கிறார் அவர் மனைவி. நாங்கள் குடிவந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தியதை நான் அறியேன். அந்நாளில் அவ்வாசலுக்கு வந்து அண்டா ஏற்றிச் சென்றவர்களோ, தம் வீட்டு விழாவிற்கு அங்கே சொல்லிவைத்தவர்களோ இதைப் படிக்க நேர்ந்தால், நான் எழுதியதில் எது தவறு, எது விடுபட்டது என்று தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். விசாரணைக்கு முன்னர் தெரிவித்தால் திருத்திக்கொடுக்க இயலும்.