குனிந்து நின்ற பலகை

சாலைப் பணிக் குழுவிலேயே தோகிகோவின் தலை நரைத்துவிட்டது. புயல் மழையில் வளைவுக்கு அப்பால் பாதிச் சாலை ஆற்றுக்குள் சரிந்த காலையில், பலகை வைக்கும் வேலை அவளிடம்தான் வந்தது. தடுப்புக் கம்பிகள் இன்னும் வந்து சேரவில்லை.

"வெளிநாட்டுக்காரங்களும் வர்ற வழி. எழுத்து வேணாம், படமா வை" என்றார் மேஸ்திரி ஓகுரா.

கிடங்கிலிருந்து தனக்குப் பிடித்த படத்தையே எடுத்து வந்தாள். தலைக்கவசம் போட்ட தொழிலாளி ஒருவன் இடுப்பு வளையக் குனிந்து நிற்பான். மன்னிக்க வேண்டும், வழியில்லை என்பது ஜப்பானில் பிறந்த எவருக்கும் அதைப் பார்த்ததும் புரியும்.

வாடகைக் கார் ஒன்று வந்து பலகையருகே நின்றது. ஓட்டியவன் வெளிநாட்டவன், பக்கத்தில் அவன் மனைவி. படத்தைப் பார்த்துச் சிரித்தான், பதிலுக்குத் தலை குனிந்தான், பிறகு நேராகப் போய்விட்டான்.

வரவேற்பு என்று நினைத்துவிட்டான்!  தோகிகோ கத்திக்கொண்டே காரின் பின்னால் ஓடினாள். உலோகம் பாறையில் மோதும் சத்தம் வந்துவிடுமோ என்று காது முன்னே ஓடியது.

கார் வளைவில் நின்றிருந்தது. அவன் மனைவி இறங்கி, ஆறு பின்னால் தெரியும்படி படமெடுக்கச் சாலை விளிம்பில் நின்றாள். தோகிகோ இரு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினாள், கூடாது என்று. அந்தப் பெண் சிரித்தபடி தானும் அப்படியே கைகளை வைத்துக்கொண்டு படத்துக்கு நின்றாள்.

அதன் பிறகு மரியாதை பார்க்கவில்லை. மேலங்கியைப் பிடித்து இழுத்ததில் இருவரும் தார்ச்சாலையில் விழுந்தார்கள். அந்தப் பெண் கோபத்தில் கத்த வாய் திறந்தாள். அவள் நின்றிருந்த இடம் பொலபொலவென்று உதிர்ந்து கீழே போனது. அந்தப் பெண் தோகிகோவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் காரைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்து, தோகிகோ பழைய படத்தின் மேல் வெள்ளையடித்தாள். கறுப்புச் சாயத்தில் ஒரு பள்ளம், அதில் தலைகீழாக ஒரு கார். அவசர அவசரமாக வரைந்தாள்.

ஓகுரா எட்டிப் பார்த்தார். "இது காரா, பன்னியா?"

"எதுவா இருந்தா என்ன ஓகுரா-சான், விழுதுல்ல?"

"விருந்தாளிங்க பயந்துடுவாங்களேம்மா. நம்ம ஊரைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நினைக்கிறதுக்கு உசிரோட இருக்கட்டும் முதல்ல."

அடுத்த கார் பலகை முன் நின்றது. உள்ளேயிருந்தவன் முகம் வெளுத்ததைப் பார்த்த பிறகுதான் அவளால் சரியாக மூச்சுவிட முடிந்தது. அவன் பின்னோக்கியே ஓட்டிப் போனான். இருந்தும், தடுப்புக் கம்பி வரும்வரை அவள் சாலையின் நடுவிலிருந்து நகரவில்லை.